கருநிறப் பியரும் கைவினை என்னும் மாயையும்

ஒரு பண்டத்தின் விலை உயரும்போது அதனைச் சூழ்ந்து ஒரு தனிமொழியும் வளர்ந்தெழுவது முதலாளித்துவ சமுதாயத்தில் வழமையாகக் காணப்படுவதாகும். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களிலே பியர் பற்றி உருவாகியுள்ள மொழி இதற்குத் தக்க உதாரணமாகும். சிறிய ஆலைகளிலே குறைந்த அளவில் ஆக்கப்படும் 'போர்ட்டர்', 'ஸ்டவுட்' முதலிய கருநிறப் பியர் வகைகளைச் சுவைப்போர், அவற்றிலே கோப்பியையும் கொக்கோவையும், கருகிய பாணின் ஓரத்தையும், உலர்ந்த முந்திரிகையையும், பழந்தோலையும் புகையையும் கண்டறிந்து ஏடுகளில் எழுதுகின்றனர். இதனை அவர்கள் வெறும் நுகர்வாகக் கொள்வதில்லை. பெருங்கம்பனிகளின் ஒரே வார்ப்பான வெளிறிய பியருக்கு எதிரான கலகம் என்றும், இயந்திரத்தின்மீது மனிதக்கை பெற்ற வெற்றி என்றும் கொள்கின்றனர். 'கைவினைப் பியர்' என்னும் பெயர் இவ்வுரிமைகோரலின் சுருக்கமே.

இவ்வுரிமைகோரல் மூன்று வகையிற் பிழையானது. முதலாவதாக, கருநிறப் பியரின் வரலாற்றை அது தலைகீழாக்குகின்றது. இரண்டாவதாக, சுவையை விவரிக்குமிடத்து அச்சுவையை ஆக்கிய உழைப்பை மறைக்கின்றது. மூன்றாவதாக, சிறியது என்பதனை நீதியானது என்பதன் இடத்திலே வைக்கின்றது. குவளையிலுள்ள பானம் பொய்யானதன்று; அதன்மீது ஒட்டப்பட்டுள்ள சொல்லே பொய்யானது. அச்சொல்லை ஆராய்வது மது அருந்துவோரின் பிரச்சினை மாத்திரமன்று. உழைப்புக்கும் அதன் பெயருக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அதனுள் அடங்கியிருத்தலின், மதுவைத் தொடாதவருக்கும் இது உரிய விடயமே.

1. வரலாற்றின் சாட்சியம்

போர்ட்டர் என்னும் பெயர் இலண்டன் மாநகரின் சுமைதூக்குந் தொழிலாளரிடமிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தேம்ஸ் நதித் துறைகளிலும் தெருக்களிலும் மூட்டை சுமந்தோர் வேலையின் இடைநேரங்களில் உணவுக்குத் துணையாக அருந்திய கபிலநிறப் பியரே பின்னர் இப்பெயரைப் பெற்றது. ரால்ஃப் ஹார்வுட் என்பவர் 1722இல் இதனைக் கண்டுபிடித்தார் என்ற கதை நெடுங்காலம் நூலுக்கு நூல் எடுத்தெழுதப்பட்டது. மார்ட்டின் கோர்னெல் போன்ற ஆய்வாளர் அக்கதைக்குத் தக்க ஆதாரமில்லை என்பதை எடுத்துக்காட்டினர். ஆயினும் அது எளிதில் மறையவில்லை. விற்பனைக்கு ஒரு மூதாதை தேவைப்படுகின்றான். பெயரறியாத பலருடைய படிப்படியான உழைப்பு விளம்பரத்துக்கு உதவுவதில்லை.

போர்ட்டரின் புகழ் சிற்றாலையிற் பிறந்ததன்று என்பது இங்கு முக்கியமானது. மாதக்கணக்கிலே பெருந்தொட்டிகளிற் கிடந்து முதிரும் இயல்பு இப்பானத்துக்கு இருந்தது. எனவே, பணத்தை நீண்டகாலம் முடக்கிவைக்கக்கூடிய பெருமுதலாளருக்கே இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. இலண்டன் சிஸ்வெல் வீதியிலிருந்த விற்பிரெட் ஆலை 1785இல் போல்ட்டன்–வாற் நிறுவனத்தின் நீராவி இயந்திரத்தைப் பொருத்தியது. பஞ்சாலைகள் நீராவியைப் பரவலாக ஏற்பதற்கு முந்திய காலம் அது. 1787இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அவ்வாலையைப் பார்வையிட வந்தார். 1796இல் அதன் வருடாந்த உற்பத்தி 2 இலட்சம் பீப்பாவை எட்டியது. சதர்க்கிலிருந்த திறேல் குடும்பத்தின் ஆலை 1781இல் 1,35,000 பவுணுக்குக் கைமாறியது. அவ்விற்பனையை முன்னின்று நடத்திய மரணசாசன நிறைவேற்றுநருள் அறிஞர் சாமுவேல் ஜோன்சனும் ஒருவர். கைத்தொழிற் புரட்சியின் முதற்பிள்ளைகளுள் ஒன்று கருநிறப் பியர் எனின் அது மிகையாகாது.

அதன் கருமையும் இவ்வரலாற்றின் பகுதியே. திரவமானி ஆலைகளுக்குள் வந்தபின்னர், வெளிறிய மோல்ற் கூடிய சாரத்தைத் தருவதனாற் செலவு குறைவு என்பதை முதலாளர் கண்டனர். ஆனால், வெளிறிய மோல்ற்றிலிருந்து கரிய பானம் எவ்வாறு வரும்? வண்ணமூட்டும் பொருள்களைச் சேர்ப்பதைச் சட்டம் தடுத்தது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் முளைகட்டிய பார்லியைச் சுழலும் உருளையில் இட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குறைந்த செலவிற் கருமையைத் தரும் வழி அதன்பின் திறந்தது. இன்றைய சுவைஞர் ஆதிகாலக் கைவினையின் அடையாளமெனப் போற்றும் கருமை, உண்மையில் இலாபக் கணக்கும் காப்புரிமை இயந்திரமும் ஈன்ற கருமையாகும்.

இப்பெருந்தொழிலின் விலையைச் செலுத்தியவர் யார்? 1814 ஒக்டோபர் 17ஆம் திகதி இலண்டன் ரொட்டன்ஹாம் கோர்ட் வீதியருகே, மியூ கம்பனியின் ஆலையில் 22 அடி உயரமான போர்ட்டர்த் தொட்டியொன்று வெடித்தது. அன்று பிற்பகலே அத்தொட்டியின் இரும்புப்பட்டமொன்று கழன்றதை ஊழியர் ஒருவர் கண்டு அறிவித்திருந்தார். தீங்கொன்றும் நேராதென விடப்பட்டது. ஒரு மணித்தியாலத்தில் தொட்டி வெடிக்க, சுவரை இடித்துக்கொண்டு வெளியேறிய பியர் சென் ஜைல்ஸ் சேரிக்குட் பாய்ந்தது. மாண்டோர் எண்மர், எல்லோரும் பெண்களும் சிறுவர்களுமே. அவர்களுட் சிலர் இறந்துபோன ஐரிஷ் குழந்தையொன்றின் சாவீட்டிற் கூடியிருந்தவர்கள். மரண விசாரணையிலே எவர்மீதும் குற்றங் காணப்படவில்லை. பாராளுமன்றமோ, வீணாகிய பியருக்கு ஏற்கெனவே செலுத்தப்பட்ட வரியென ஏழாயிரம் பவுணுக்கு மேற்பட்ட தொகையைக் கம்பனிக்குத் திருப்பியளித்தது. சிந்திய பானத்துக்கு இழப்பீடு கிடைத்தது. மூழ்கிய உயிர்களுக்குக் கிடைக்கவில்லை.

அறிவும் இவ்வாறே உடைமையாக்கப்பட்டது. புள்ளிவிபரவியல் கற்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்த 'ஸ்ரூடன்ற்' பரம்பலை 1908இல் வெளியிட்டவர் டப்ளின் கின்னஸ் ஆலையிற் பணிபுரிந்த வில்லியம் கொசெற். ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிடுவதைக் கம்பனி கட்டுப்படுத்தியமையால் 'மாணவன்' என்ற புனைபெயரிலே அவர் எழுத நேர்ந்தது. கரிய ஸ்டவுட்டின் தரத்தைச் சிறு மாதிரிகளைக்கொண்டு கணிக்கும் தேவையிலிருந்து பிறந்த அறிவு உலகப் பொதுவாயிற்று. அதனை ஆக்கியவரின் பெயர் மட்டும் முகப்பிலிருந்து நீக்கப்பட்டது.

2. சுவைத்தாள் சொல்லாதவை

வரலாற்றை விடுத்து இன்றைய சுவைப்பு முறையை நோக்குமிடத்தும் இதே மறைப்பே புலனாகின்றது. அரிதான கரும்பியர் ஒன்றைச் சுவைப்போர் முதலில் நிறத்தையும் நுரையையும் குறிக்கின்றனர். பின்பு மணம், வாயில் உணரப்படும் தடிப்பு, முற்சுவை, பிற்சுவை என ஒழுங்குபடுத்தி எழுதுகின்றனர். 1977இல் ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் உலகப் பியர் பற்றிய தமது வழிகாட்டி நூலை வெளியிட்ட பின்னர் இம்முறை வேரூன்றியது. பியரை இனம் இனமாகப் பிரித்தறியும் பயிற்சியை அவர் பொதுவாசகருக்கு அளித்தார் என்பது மறுக்கற்பாலதன்று. பெரும் விளம்பரங்கள் மழுங்கடித்த நாவை அது கூர்மையாக்கியது.

ஆனால், அந்நாவு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதே வினா. சுட்டி 'வறுத்த பார்லி' என்கின்றது. இருநூறு பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுழலும் உருளையின் முன்னின்று, தானியம் தீப்பற்றுவதற்குச் சிறிது முன்னர் நீர் தெளித்து நிறுத்தும் தொழிலாளியின் கணிப்பைச் சுட்டி சொல்வதில்லை. சில கணங்கள் தவறினாலும் கோப்பியின் மணம் சாம்பலாகிவிடும். சுவைஞர் கண்ட 'கோப்பி' அத்தொழிலாளியின் கணிப்பேயன்றி வேறில்லை.

இன்று பெருமையுடன் பேசப்படும் மற்றொரு வகை, பேர்பன் விஸ்கிப் பீப்பாக்களில் முதிர்ந்த ஸ்டவுட்டாகும். இதனை இயற்கையின் கொடைபோற் சுவைஞர் வருணிப்பர். அமெரிக்கச் சட்டப்படி பேர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாவிலேயே முதிர்விக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பா பேர்பனுக்கு மீண்டும் உதவாது. அவ்வாறு கழிக்கப்பட்ட பீப்பாவை வாங்குவதே சிற்றாலையின் 'மரபு'. விஸ்கித் தொழிலின் கழிவும் ஒரு சட்டப்பிரிவும் சேர்ந்து உருவாக்கிய மணத்தைக் காட்டின் ஆன்மா எனப் பாடுவது நகைப்புக்கிடமானது.

வனிலாவும் கொக்கோவும் இட்ட இனிப்பு ஸ்டவுட்டை எடுத்துக்கொள்ளின் மறைப்பு மேலும் கொடிதாகின்றது. மெக்சிக்கோவுக்கு வெளியே வனிலாக் கொடி காய்ப்பதற்கு ஒவ்வொரு பூவிலும் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்தல் வேண்டும். அதற்குரிய எளிய முறையை 1841இல் றீயூனியன் தீவிலே கண்டறிந்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அம்முறையால் ஒரு பெருவணிகமே எழுந்தது. அவனோ 1880இல் வறுமையில் இறந்தான். உலகக் கொக்கோவில் அரைவாசிக்கு மேற்பட்டதை ஐவரிகோஸ்ற், கானா ஆகிய இரு நாடுகளின் சிறு விவசாயிகள் விளைவிக்கின்றனர். அத்தோட்டங்களிற் சிறுவர் உழைப்பு இன்னும் ஒழியவில்லை. சுவைத்தாளிலே 'மடகஸ்கார் வனிலா' என ஊர்ப்பெயர் இடம்பெறுகின்றது. ஊர் பேசுகின்றது, மரம் பேசுகின்றது, பீப்பா பேசுகின்றது. கை மாத்திரம் பேசுவதில்லை. 'கைவினை' எனப் பெயர்கொண்ட இயக்கத்திலே கைக்கு இடமில்லாமற் போனமை விந்தையே.

கருநிறப் பியரை ஆக்கிய தொழிலாளருக்குச் சுவைத்தாளுக்கு அடங்காத வேறொரு வரலாறும் உண்டு. ஹங்கேரியிலும் இத்தாலியிலும் மக்கள் எழுச்சிகளைக் கொடூரமாக அடக்கிய ஒஸ்ரிய ஜெனரல் ஹைனாவ், 1850 செப்ரெம்பர் 4ஆம் திகதி திறேல் ஆலையின் வழிவந்த பார்க்ளே–பேர்க்கின்ஸ் ஆலையைப் பார்வையிடச் சென்றார். அவர் யாரென்று அறிந்ததும் ஆலையின் வண்டித் தொழிலாளர் அவரைத் தாக்கித் தெருவிலே துரத்தினர். அருகிலிருந்த மதுச்சாலையொன்றில் அவர் ஒளிக்க நேர்ந்தது. 1864இல் இங்கிலாந்து வந்த கரிபால்டி அவ்வாலைக்குச் சென்று அத்தொழிலாளரைப் பாராட்டினார். உருசிய அரசவைக்குக் கரும்பியர் அனுப்பிய ஆலை அது. 'இம்பீரியல் ஸ்டவுட்' எனப் பேரரசின் பெயர் இன்றும் போத்தலில் நிற்கின்றது. பேரரசின் தளபதியை விரட்டிய தொழிலாளரின் பெயர் எந்தப் போத்தலில் உள்ளது?

3. 'சிறிய' என்னும் சொல்லின் நீளம்

'வரலாறு எவ்வாறாயினும் இன்றைய சிற்றாலைகள் பெருங்கம்பனிகளுக்கு மாற்றாக உள்ளனவே' என்பது எதிர்த்தரப்பினரின் அடுத்த வாதமாகும். இவ்வாதத்திலே உண்மையின் ஒரு கூறு உண்டு. 1971இல் பிரித்தானியாவிலே உண்மை எயில் இயக்கம் தோன்றியபோது சில பெருங்கம்பனிகள் மதுச்சாலைகளைத் தம் பிடியில் வைத்திருந்தன. சான்பிரான்சிஸ்கோவின் அங்கர் ஆலையை 1965இல் பிறிட்ஸ் மெய்ராக் வாங்கிக் காப்பாற்றியிராவிடின், அமெரிக்காவிற் போர்ட்டர் 1970களில் புத்துயிர் பெற்றிருக்குமா என்பது ஐயமே. எதிர்ப்பு உண்மையானது. அவ்வெதிர்ப்பு எங்கே சென்று முடிந்தது என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்கச் சிற்றாலைகளின் சங்கம் 'சிறியது' என்பதற்கு வைத்திருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 20 இலட்சம் பீப்பா. அதன் பெரிய உறுப்பினரொன்று அவ்வரம்பை நெருங்கியபோது, 2010ஆம் ஆண்டின் முடிவிலே வரம்பு 60 இலட்சம் பீப்பாவாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 70 கோடி லீற்றர் ஆக்குவோரும் சிறியோரே என்றாயிற்று. ஆலை வளர்ந்தபோது சொல்லும் உடன் வளர்ந்தது. அளவுகோலே பொருளுக்கேற்ப நீளுமாயின், அது எதனை அளக்கின்றது?

பீப்பாவில் முதிர்ந்த ஸ்டவுட்டினாற் பெயர்பெற்ற சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011இல், உலகின் மிகப் பெரிய பியர்க் கம்பனியான அன்ஹோய்சர்–புஷ் இன்பெவ் 3 கோடியே 88 இலட்சம் டொலருக்கு வாங்கியது. எந்தப் பெருங்கம்பனிக்கு எதிரான கலகமெனப்பட்டதோ, அக்கம்பனியின் பட்டியலிலேயே அக்கலகம் ஒரு பண்டமாகச் சேர்ந்தது. ஸ்கொத்லாந்தின் புறூடோக் ஆலை, உறையவைத்துச் செறிவாக்கிய 32 சதவீத மதுசாரமுள்ள ஸ்டவுட்டை 2009இல் வெளியிட்டுத் தன்னைக் கலகக்காரனாக அறிவித்துக்கொண்டது. 2021இல் அதன் முன்னாள் ஊழியர் பலர் ஒன்றிணைந்து பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டு, அங்கு நிலவிய அச்சச் சூழலைக் குற்றஞ்சாட்டினர். கலகம் சுட்டியில் இருந்தது. தொழிற்றளத்தில் இருந்ததோ வேறு.

அங்கர் ஆலையின் கதை இவற்றினும் தெளிவான பாடம். 2017இல் ஜப்பானின் சப்போரோ கம்பனி அதனை வாங்கியது. 2019இல் தொழிலாளர் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். 2023 யூலையில் ஆலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டபோது, அதனைத் தாமே வாங்கிக் கூட்டுறவாக நடத்துவதற்கு அத்தொழிலாளர் முன்வந்தனர். பியர் ஆக்கத் தெரிந்தவர் அவர்களே. தொட்டியின் இயல்பும் மதுவத்தின் போக்கும் அறிந்தவர் அவர்களே. 'கைவினை' என்னும் சொல்லுக்கு ஏதேனும் பொருளுண்டெனில் அது அவர்களிடமே இருந்தது. ஆயினும் ஆலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024இல் செல்வந்தர் ஒருவர் அதனை வாங்கினார். கைவினைஞர் கையில் ஆலை சேரவேண்டிய ஒரேயொரு தருணத்திலே, கைவினை என்னும் சொல் அவர்களுக்கு உதவவில்லை.

4. இரு தவறான விடைகள்

இவ்விமர்சனத்தைக் கேட்டதும் இரு திசைகளிலிருந்து தவறான விடைகள் எழக்கூடும். ஒன்று ஒழுக்கவாதிகளின் விடை: மதுவே தீயதாயின் அதனை ஆக்குவோரின் உரிமை பற்றிப் பேசுவதேன் என்பது. மதுவினால் ஏழைக் குடும்பங்கள் அழிவதை எவரும் மறுக்கார். ஆனால், அவ்வழிவை எதிர்ப்பதற்கும் உழைப்பின் உண்மையை மறைப்பதற்கும் தொடர்பில்லை. தவிர்க்கத்தக்க பண்டத்தை ஆக்குபவனும் தொழிலாளியே.

மற்றது, சுவையென்பதே பூர்ஷ்வா ஆடம்பரம் எனத் தள்ளிவிடுவோரின் விடை. இது சோம்பலான தீவிரவாதம். நல்ல ஸ்டவுட்டிலே கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கிநிற்பது உண்மை. அதனை உணரும் நா மதிக்கத்தக்கது. சுவையை ஆக்கியவரே சுவை பற்றிய பேச்சிலிருந்து துரத்தப்பட்டமைதான் எதிர்க்கப்படவேண்டியது. 2020இல் அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரச் சிற்றாலையொன்றின் மாக்கஸ் பாஸ்கர்வில், கறுப்பினமக்களின் போராட்டத்துக்கு ஆதரவாகத் தமது கரிய ஸ்டவுட்டின் செய்முறையை எவருக்கும் இலவசமாக வழங்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் அதனை ஆக்கி வருவாயை நீதிக்கான பணிகளுக்கு அளித்தன. காப்புரிமையிற் பிறந்த கருமை பொதுவுடைமையாகவும் இயலும் என்பதற்கு அது ஒரு சிறு சான்று.

5. இலங்கைக்கு உள்ள தொடர்பு

மேலைநாட்டுச் சுவைஞரின் பட்டியலில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய ஆலையொன்றின் வழிவந்த லயன் ஸ்டவுட்டைப் பிறநாட்டாருக்கு அறிமுகஞ்செய்து பாராட்டியோருள் மேற்குறித்த மைக்கல் ஜாக்சன் முதன்மையானவர். பார்லியும் ஹொப்பும் இறக்குமதியாக, குடியேற்ற ஆட்சியின் துரைமார் தாகத்துக்கெனத் தொடங்கிய ஒரு தொழில், இன்று வெப்பமண்டல ஸ்டவுட்டின் 'மரபு' எனப் போற்றப்படுகின்றது. மலையின் குளிருக்கும் ஊற்றுநீருக்கும் அப்புகழ்ச்சியிற் பங்குண்டு. அம்மலையைத் தேயிலையால் மூடி, இலயன் அறைகளிலே தலைமுறைகளைக் கழித்த மக்களுக்குப் பங்கில்லை.

அதே வேளை, இத்தீவிலேயே கைவினை என்னும் சொல்லின் ஒவ்வொரு நிபந்தனையையும் நிறைவேற்றும் பானம் ஒன்று உண்டு. சீவல் தொழிலாளி தளைநாரைக் காலிலிட்டுப் பனையேறி, பாளையைப் பதமாகத் தட்டிச் சீவி, முட்டியைக் கட்டி, நாள்தோறும் ஏறியிறங்கி இறக்கும் கள்ளே அது. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவத்தால் தானே நொதிப்பது, மரத்துக்கு மரம் சுவை மாறுவது, அன்றன்றே அருந்தப்படுவது. பெல்ஜியத்திலே இவ்வாறு இயற்கையாக நொதித்த பியர் கிடைப்பின் சுவைஞர் கடல்கடந்து செல்வர். இங்கு அது தவறணையிலே பிளாவிற் குடிக்கும் மலிவான பானம் என ஒதுக்கப்பட்டது. அதை இறக்கியவர் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டார். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மரத்திலேறவும் அவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதாயிற்று. ஒரே திறமைக்கு ஓரிடத்திற் கலைஞன் என்ற பட்டமும், மற்றோரிடத்தில் இழிதொழிலாளி என்ற வசையும் கிடைப்பதேன்? திறமையின் பெயரை நிச்சயிப்பது திறமையன்று. அதனை வாங்குவோரின் பணமும், உழைப்போரின் சமூக நிலையுமே ஆகும்.

1970களில் வடபகுதியிலே சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்ந்தமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தவறணைக் குத்தகைக்காரனின் விலைக்கு விற்கவேண்டிய நிலையிலிருந்து விடுபட அது வழி திறந்தது. அச்சங்கங்கள் குறைகளற்றவையல்ல, அரசியலும் போரும் அவற்றை வாட்டின. எனினும், மரம் ஏறுபவரே முட்டியின் விலையையும் பேசவேண்டும் என்ற நியாயத்தை அவை முன்வைத்தன. சான்பிரான்சிஸ்கோவில் அங்கர் தொழிலாளர் 2023இல் கேட்டதும் இதே நியாயத்தையே.

ஆகவே, அடுத்த முறை அரிய கரும்பியரொன்றின் சுவையை ஏடொன்று விரித்துரைக்குமாயின், அதனிடம் கேட்கப்படவேண்டிய கேள்விகள் சிலவே. இதனை வறுத்தவர் யார்? தொட்டியைக் கழுவியவரின் கூலி என்ன? இலாபத்தைப் பங்கிடுவது யார்? ஆலை விற்கப்படும் நாளில் அங்கு உழைப்போருக்கு வாக்குண்டா? இவற்றுக்கு விடை தரும் ஆலை, அதன் தொட்டி எத்துணைப் பெரிதாயினும், கைவினை என்னும் பெயருக்கு உரித்துடையது. விடை தராத ஆலை, அதன் தொட்டி எத்துணைச் சிறிதாயினும், அச்சொல்லைத் திருடியதாகவே கொள்ளப்படும். திருடப்பட்ட சொல்லை உரியவரிடம் மீட்டுக் கொடுப்பது சொற்களைப் பயிலும் பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.